மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் பாதையை மீண்டும் அமைக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
தரங்கம்பாடி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு ரயில்வே உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: 1986-ல் நிறுத்தப்பட்ட கிளைப் பாதையை அகலப் பாதையாக மீண்டும் அமைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் மூன்று மனுக்கள் அனுப்பிவிட்டேன். ஒப்புகை அட்டைகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன, பதில்தான் ஒன்றும் வரவில்லை. இந்தப் பக்கம் தாங்கள் அறியாததல்ல என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. 1926-ல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறைதான்) தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் வண்டி ஓடத் தொடங்கியது. சுமார் 30 கிலோமீட்டர் தூரம். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று கடலோரம் வந்து சேரும். வருமானம் போதவில்லை என்று 1986-ல் நிறுத்தினார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் அறுபதாம் கல்யாணம் நடக்கிற திருக்கடையூர் வழியாக ஓடிய வண்டிக்கு, அதன் அறுபதாவது வயதில் கிடைத்த மரியாதை இது.

2. அந்த வருமானக் கணக்கு அன்றைக்குச் சரி. இன்று 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டையையும் கடலையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மயிலாடுதுறை 2020-லேயே தனி மாவட்டமாகிவிட்டது. மனு கொடுக்க, வைத்தியம் பார்க்க, எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஓட வேண்டியிருக்கிறது.

3. வைத்தியம் என்றேன். என் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் மாயவரத்தில் டயாலிசிஸ். காலையில் போகும்போது கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்குகிற பஸ்ஸில் எப்படியோ ஏற்றிவிடுகிறேன். கஷ்டம் திரும்பி வரும்போதுதான். நான்கு மணி நேரம் படுத்திருந்து எழுந்தவளுக்குத் தலை சுற்றும். ஊசி குத்திய இடது கைக்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது, எனவே வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன மாதம் ஆக்கூர் தாண்டி ஒரு வளைவில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். பதற்றத்தில் இடது கையாலும் பிடித்துவிட்டாள். கட்டு நனைந்து புடவைத் தலைப்பெல்லாம் ரத்தம். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தார். அப்புறம் பொறையார் வரை நான் அந்தக் கட்டை அழுத்திப் பிடித்தபடியே வந்தேன். ஐயா, 1981-ல் கல்யாணமாகி அவள் இந்த ஊருக்கு வந்தது அந்த ரயிலில்தான், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து. இப்போது உட்காரவே இடமில்லை.

4. பேரளம் – காரைக்கால் பாதையும் எண்பதுகளில் மூடியதுதானே? அங்கே மறுபடி தண்டவாளம் போட்டாயிற்று. எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? பழைய பாதை மேட்டில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. இன்னும் பத்து வருஷம் போனால் ரயில் ஓடிய இடம் இது என்று காட்டக்கூட ஆள் இருக்காது.

5. பாதை வேண்டும் ஐயா.

மன்னிக்கவும், கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன். பழைய பாதையின் நிலத்தை அளந்து காப்பாற்றவும், புதிய பாதைக்கு ஆய்வு நடத்தவும் உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் அதையாவது ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், ஒப்புகை அட்டைகள், சுயவிலாசமிட்ட தபால்தலை ஒட்டிய உறை ஒன்று.