ஜன்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேள்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் புது வீட்டு பிளானின் முதல் வரைவு வந்துவிட்டது, அதில் ஏதோ ஒன்று உறுத்துகிறது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். "டிசைனர் இவ்வளவு மெனக்கெட்டு வரைந்திருக்கிறார், சரியென்று சொல்லிவிடலாமா அம்மா?" என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். இப்போதைக்குச் சொல்லாதே.

நம் வீட்டைக் கட்டியபோது நான் அப்படித்தான் சரியென்று சொன்னேன். சமையலறை வரைபடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் 'சில் 4 அடி 6 அங்குலம்' என்று பொடியாக எழுதியிருந்தது. சில் என்றால் தரையிலிருந்து ஜன்னலின் கீழ் விளிம்பு வரைக்குமான உயரம் என்று எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் கூச்சம். மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சாமான்கள் வைக்க இடம் வேண்டும் என்று நினைத்து, நம் வீட்டை வரைந்தவர் அப்படி வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் எங்கே நிற்பேன், அங்கிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையே. குடிவந்த முதல் நாள் அடுப்பின் முன்னால் போய் நின்றேன். ஜன்னலில் வானம் தெரிந்தது. கீழே விளையாடிக்கொண்டிருந்த நீ தெரியவில்லை. உன் சத்தம் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசல் வரை வந்து பார்த்துவிட்டுப் போவேன். ஓர் அடி கீழே இறக்கியிருந்தால் போதும். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

நீ உன் டிசைனரிடம் கொடுத்த படங்களை எனக்கும் அனுப்பியிருந்தாயே, அதில் அந்தக் கண்ணாடி வீடும் இருந்தது. அமெரிக்காவில் எடித் ஃபார்ன்ஸ்வர்த் என்ற மருத்துவருக்காக மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்தது, 1951-இல் முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நல்ல நட்பில் தொடங்கிய அந்த வேலை, செலவையும் கட்டணத்தையும் பற்றிய தகராறில் நீதிமன்றத்தில் போய் நின்றது. நாலு பக்கமும் கண்ணாடி என்பதால், வீட்டுக்குள் இருக்கும்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்று அந்த அம்மாள் வருந்தியிருக்கிறார். படம் கொடுப்பதில் தப்பில்லை. ஒவ்வொரு படத்தோடும் அதில் உனக்கு எது பிடித்தது என்று ஒரு வரி எழுதிக் கொடு. அந்தக் கண்ணாடி வீட்டில் உனக்குப் பிடித்தது வெளிச்சமா, மரங்கள் அருகில் தெரிவதா, சாமான்கள் கண்ணில் படாததா? மூன்றுக்கும் மூன்று வேறு பிளான்கள் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை இன்னொன்று. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண், கணவர் இறந்த பிறகு மூன்று குழந்தைகளோடு தனக்கொரு வீடு வேண்டும் என்று ரீட்வெல்ட் என்பவரிடம் போனார். ரீட்வெல்ட் அதுவரை மர நாற்காலிகளுக்குப் பேர் போனவர். முழு வீடு ஒன்றை வடிவமைத்ததில்லை. அந்தப் பெண் இத்தனை அறைகள் வேண்டும் என்று பட்டியல் போடவில்லை. பிள்ளைகள் தன்னோடு இருக்க வேண்டும், பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர வேண்டும், ஆனால் தனியாக இருக்கத் தோன்றினால் அதற்கும் வழி வேண்டும் என்றார். அதனால்தான் 1924-இல் கட்டிய அந்த வீட்டின் மாடியில் நிலையான சுவர்களுக்குப் பதிலாக நகரும் தடுப்புகள் வந்தன. பகலில் ஒரே கூடம், இரவில் தனித்தனி அறைகள். 1985-இல் இறக்கும்வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். இவ்வளவு காலம் ஒருவரைத் தாங்கிய வீட்டை யார் வடிவமைத்தது என்று கேட்டால், இருவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நீயும் அப்படிச் செய். 'மூன்று படுக்கையறை, ஒரு ஹால்' என்பதோடு விட்டுவிடாதே. உங்கள் ஒரு நாளை எழுதிக் கொடு. எழுந்ததும் யார் முதலில் எங்கே போகிறீர்கள், வெளியிலிருந்து வந்ததும் பையையும் செருப்பையும் எங்கே போடுகிறீர்கள், ஈரத்துண்டு எங்கே காய்கிறது, இரவில் மாப்பிள்ளை வேலை பார்த்துக்கொண்டிருந்தால் வெளிச்சம் உன் கண்ணில் படுகிறதா. கூச்சமான விஷயங்களையும் எழுது. மாப்பிள்ளைக்குத் திறந்த சமையலறை வேண்டும், உனக்குக் கதவு வேண்டும் என்றாயே, அதை நீங்கள் இருவரும் முதலில் வீட்டில் பேசி முடியுங்கள். ஆளுக்கொரு நாள் தனித்தனியாக போனில் சொன்னால் டிசைனர் யார் சொன்னதை வரைவார்?

அப்புறம், பிளானைத் தாளில் மட்டும் பார்க்காதே. 1:100 அளவில் வரைந்தால் தரையின் ஒரு மீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டர்தான். நம் கண்ணுக்கு அது பிடிபடாது. நாம் மாடியில் அறை எடுத்தது உனக்கு நினைவிருக்கிறதா? சமையலறையில் பட்ட பிறகு நான் விடவில்லை. மொட்டை மாடியில் அப்பா டேப் பிடிக்க, நான் சாக்பீஸால் அறையை முழு அளவில் வரைந்தேன். கட்டில் வரும் இடத்தில் போர்வையை மடித்து விரித்து அப்பா படுத்துக்கொண்டார். உன் கையில் மூன்றடிக் குச்சியைக் கொடுத்து, கதவு நிற்கும் மூலையில் உன்னை நிறுத்தி, "கதவு திறக்கிறது, திரும்பு" என்றேன். பாதி திரும்புவதற்குள் குச்சி அப்பாவின் முழங்காலில் தட்டியது. மறுநாளே நம் வீட்டை வரைந்தவரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே கீலை மறுபக்கம் மாற்றி, சுவிட்சையும் கதவுக்குப் பின்னால் மறையாதபடி நகர்த்திக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. பூச்சு முடிந்த பிறகு சொல்லியிருந்தால் சுவரைக் கொத்தி, ஒயர் போகும் குழாயை மாற்றி, மறுபடி பூசி, பெயின்ட் அடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் உன் டிசைனர் தலையாட்ட வேண்டும் என்றும் எதிர்பார்க்காதே. மாடிக் குளியலறையை முன்பக்கம் கொண்டுவர முடியாது என்று அவர் சொன்னது உனக்குக் கோபம் என்று தெரியும். கீழே இருக்கும் குளியலறைக்கு நேர் மேலே வைத்தால் கழிவுநீர்க் குழாய் நேராக இறங்கும், கசிவு வந்தாலும் ஹால் கூரையில் வராது. ஏன் என்று கேள், நிச்சயம் காரணம் சொல்வார். அமெரிக்காவில் காஃப்மன் என்பவர் அருவியைப் பார்த்தபடி ஒரு வீடு கேட்டார். ஃப்ராங்க் லாய்ட் ரைட் 1935-இல் அந்த வீட்டை அருவிக்கு மேலேயே வரைந்து கொடுத்தார். ஆனால் அந்தக் குடும்பம் ஆசையாகப் போய் உட்காரும் பாறையின் மேலேயே கணப்படுப்பை அமைத்தார். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. ஆனால் அவர்கள் எதை நேசித்தார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். உன் டிசைனரும் கவனிக்கிறவர் என்றுதான் எனக்குப் படுகிறது. பாட்டியின் மர அலமாரியை அளந்துகொண்டு போனார் என்றாயே.

பணத்தை ஒளிக்காதே. கையில் இருப்பது எவ்வளவு, அதில் எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடு. கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தித் தருவார், வேலை நடக்கும்போது சைட்டுக்கு எத்தனை முறை வருவார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சைட்டில் ஏதாவது மாற்றத் தோன்றினால் மேஸ்திரியிடம் நேரே சொல்லாதே, டிசைனர் வழியாகவே போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய் அல்லவா, அதற்குள் ஒரு வேலை செய். வரைவில் உன் மேசை போட்டிருக்கும் அறையைத் தரையில் வரைந்துகொள். ஜன்னல் வரும் இடத்தில் சில் உயரத்துக்கு ஒரு கயிறு கட்டு. நாற்காலி போட்டு உட்கார்ந்து, கயிற்றுக்கு மேலே உனக்கு என்ன தெரிகிறது என்று பார். போனில் என்னிடம் அதை முதலில் சொல்.

அன்புடன்,
அம்மா