ஆஷ்காஷ் போகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் நடக்கும் ஏர்வெஞ்சர் விமானத் திருவிழாவுக்குச் சொந்த விமானத்தில் வருகிறவர்கள், எஃப்ஏஏவின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின்) இந்த ஆண்டு அறிவிப்பை முழுதாகப் படித்துக் கையில் வைத்திருங்கள். போன வருஷத்தது உதவாது.

பக்கத்து ஊர்களான ரிப்பனிலிருந்து ஃபிஸ்க் வரை ரயில் தண்டவாளத்தின் மேலேயே வர வேண்டும்: கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி உயரம், 90 நாட் வேகம், முன்னால் போகிறவருக்கு அரை மைல் பின்னால். ஃபிஸ்கில் ரேடியோவில் பதில் பேச வேண்டாம். அங்கேயுள்ள விமானக் கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிடுவார்கள், இறக்கையை ஆட்டினால் போதும். நன்றாகவே ஆட்டுங்கள். ஓடுபாதையில் எந்த வண்ணப் புள்ளியைச் சொல்கிறார்களோ, அங்கே இறங்குங்கள்.

நிறுத்திய விமானத்தைத் தரையோடு கட்ட முளையும் கயிறும் மறக்கவே கூடாது. கோடைப் புயல் வந்தால் கட்டாத விமானம் பக்கத்து விமானத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

முதன்முறை வருகிறவர்கள் தனியாக வராதீர்கள். வெளியே பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். துணைக்கு ஆள் தேவையென்றால் இங்கேயே கேளுங்கள், நான் வருகிறேன்.