முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கிலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் முதுநகர் மளிகைக் கடையானாலும் புதுச்சேரி நேரு வீதிக் கடையானாலும், பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'சர்க்கரை சேர்க்காதது', 'கொலஸ்ட்ரால் இல்லை', 'கேழ்வரகு பிஸ்கட்' எனத் தமிழில் கொட்டை எழுத்தைப் பார்க்கிறோம். அது மெய்தானா என்று சரிபார்க்க உதவும் பொருள் பட்டியலும் சத்து அட்டவணையும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும். 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். தமிழ் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். மக்கள் முன்பக்கத்தையே நம்பி வாங்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேழ்வரகு பிஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம். பொருள் பட்டியல் எடை மிகுந்ததில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். முதல் பெயர் 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றிருந்தால் அது மைதா. முன்பக்கத்தில் பெயரோ படமோ போட்டு எடுத்துக்காட்டும் பொருளுக்குச் சதவீதம் தர வேண்டும் என்பதும் விதி. 'ராகி 8%' என்றிருந்தால் 100 கிராம் கலவையில் கேழ்வரகு 8 கிராம்தான்.

'சுகர் ஃப்ரீ' என்று அச்சிட, 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. அதைச் சரியாகக் கடைப்பிடித்த பிஸ்கட்டிலும் மைதாவின் மாவுச்சத்து அப்படியே இருக்கும். இரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் 'கார்போஹைட்ரேட்' வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'வெள்ளைச் சர்க்கரை இல்லை, பனைவெல்லத்தில் செய்தது' என்னும் லட்டும் கடலைமிட்டாயும் சர்க்கரை இல்லாத பண்டங்கள் ஆகிவிடா. வெல்லமும் சேர்த்த சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்பதற்கு மதிப்பே கிடையாது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் எதிலுமே அது இருப்பதில்லை. ஆனால் பாமாயிலில் ஏறக்குறைய பாதி, இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. பார்க்க வேண்டியது 'சாச்சுரேட்டட் ஃபேட்' வரி.

அதிகம் பேர் ஏமாறுவது அளவில்தான். 200 கிராம் மிக்சர் பாக்கெட் ஒன்றில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொள்வோம். 2.5ஆல் பெருக்கினால் 2 கிராம் உப்பு. ஒரு நாளுக்கான மொத்த அளவே 5 கிராம். ஆனால் அட்டவணையின் கடைசிப் பத்தி 30 கிராம் பரிமாறலுக்குக் கணக்கிட்டு 12% என்று காட்டும். மாலையில் டீயோடு அரை பாக்கெட் காலியானால் அது 40%. பரிமாறல் அளவு எதுவானாலும் 100 கிராமுக்கான எண்ணை வைத்தே இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட வேண்டும்.

பள்ளி வாசலில் விற்கும் குட்டிப் பாக்கெட்டுகளின் நிலை இன்னும் மோசம். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாவிட்டால் சத்து அட்டவணை கட்டாயமில்லை. பிள்ளைகள் கைக்காசு கொடுத்து வாங்குவது இந்தப் பாக்கெட்டுகளைத்தான். இந்த விலக்கை நீக்க வேண்டும்.

முன்பக்கத்தில் தமிழில் உரிமை கோரும் நிறுவனம், சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு ஆகிய மூன்று வரிகளையாவது தமிழில் தர வேண்டும் என்று தமிழக, புதுச்சேரி அரசுகள் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை வற்புறுத்த வேண்டும். பண்ருட்டிப் பலாச் சிப்ஸ், முந்திரித் தயாரிப்பாளர்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டிக்கர் போதும்.

முன்பக்கமும் பின்பக்கமும் முரண்பட்டால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரு பக்கமும் படம் எடுத்து, பேட்ச் எண், 14 இலக்க உரிம எண், கடை ரசீது ஆகியவற்றோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். பேட்ச் எண் பல பாக்கெட்டுகளில் ஒட்டிய ஓரத்தில் இருக்கும். பிரிக்கும்போது அந்த ஓரத்தைக் கிழிக்காமல் எதிர்ப்பக்கம் வெட்டுங்கள்.

உணவியல் ஆசிரியர்கள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.