தண்டனை விசாரணைக்கு ஒரு வாய்தா கொடுங்கள்: நீதித்துறை அகாடமிக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள், தண்டனை விசாரணை பற்றி, அதாவது ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்த பின் எவ்வளவு தண்டனை என்று கேட்கும் கட்டத்தைப் பற்றி எழுதுகிறோம்.

மாவட்ட நீதிபதியாக நேரடியாக வருபவர்களில் அரசு வழக்கறிஞராக இருந்தவர், எதிரித் தரப்புக்கே (குற்றம் சாட்டப்பட்டவருக்கே) வாதாடியவர், உரிமையியல் (சொத்து, பணத் தகராறு போன்ற சிவில்) வழக்கு மட்டுமே பார்த்தவர் எல்லோரும் உண்டு. கொலை முயற்சிக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 109(1)-ம் பிரிவு. காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை போகலாம். குறைந்தபட்சம் எவ்வளவு என்று பிரிவு சொல்லவில்லை. குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்காக அரசு அமைத்த மலிமத் குழு 2003-ல் பரிந்துரைத்த தண்டனை வழிகாட்டு நெறிகளும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் பழைய தொழிலின் பழக்கம் வந்து உட்காருகிறது.

ஒருவர் மீது முன்பே உள்ள வழக்குகள் என்று காவல்துறை கொடுக்கும் முன்வழக்குப் பட்டியலையே பாருங்கள். விசாரணையில் கிடப்பதும் தண்டனையில் முடிந்ததும் பல சமயம் ஒரே வரிசையில் இருக்கும். அரசு வழக்கறிஞராக அதை வாசித்துக் காட்டியே பழகியவருக்கு ஆறு வழக்கு என்றால் ஆறு குற்றமாகவே தெரியும். எதிரித் தரப்பிலிருந்து வந்தவர் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு நகல் எங்கே என்பார்; ஆனால் சாட்சியத்தில் மிஞ்சிய சந்தேகத்தைத் தண்டனைக் குறைப்பாக்கிவிடும் ஆபத்து அவரிடம் உண்டு. நியாயமான சந்தேகம் இருந்தால் விடுதலைதான், பாதித் தண்டனை அல்ல. உரிமையியல்காரருக்கு இழப்பீட்டோடு முடிக்கத் தோன்றும்.

இதைத் திருத்த உதவக்கூடியது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 258(2)-ன் தண்டனை விசாரணை. நடப்பது என்ன? குற்றவாளி என்று தீர்மானித்த அன்றே, “தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்?” “புள்ளகுட்டி இருக்குதுங்கய்யா, கருணை காட்டுங்க.” அதோடு பதிவு முடியும், மாலைக்குள் தண்டனை. தண்டனை விசாரணை வெறும் சடங்கல்ல, தண்டனைக்குரிய விவரங்களை முன்வைக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1976-ல். 21 வயது நிரம்பாதவர் என்றால், ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றங்களில், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்க வழிசெய்யும் 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6-ம் பிரிவுப்படி நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டாக வேண்டும். அது இல்லாமல் சிறைக்கு அனுப்பினால் மேல்முறையீட்டில் நிற்பது கடினம்.

புதிய நீதிபதிகளுக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சியில் ஒரே வழக்குக் கட்டை எல்லோரிடமும் கொடுங்கள். கலந்து பேசாமல், எத்தனை ஆண்டு, ஏன் என்று தனித்தனியே எழுதட்டும். யார் எந்தத் தொழிலிலிருந்து வந்தவர் என்ற குறிப்போடு விடைகளை அருகருகே வைத்து விவாதியுங்கள். அரசுத் தரப்பிலிருந்து வந்தவரை நன்னடத்தை அலுவலரோடு கள விசாரணைக்கு அனுப்புங்கள். எதிரித் தரப்பிலிருந்து வந்தவர் வெட்டுப்பட்டவரை நேரில் பார்க்கட்டும். தண்டனை விசாரணைக்குத் தனியாக ஒரு வாய்தாவாவது கொடுப்பதையும், முன்வழக்கு ஒவ்வொன்றின் நிலையையும் தீர்ப்பிலேயே எழுதுவதையும் முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள்.