ரோம் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சர்ஜன்கள் மாநாட்டுக்கு ரோம் போகிறாய் என்றதும் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வரலாற்று வாத்தியார் புத்தி, என்ன செய்ய! கொலோசியத்தை யாராவது காட்டிவிடுவார்கள். நீ டைபர் ஆற்றின் நடுவிலுள்ள தீவுக்குப் போ. கி.மு. 293இல் கொள்ளைநோய் வந்தபோது, கிரேக்கர்களின் மருத்துவக் கடவுள் அஸ்க்லெபியஸை வரவழைத்து ரோமானியர் கோயில் கட்டியது அங்கேதான். இப்போதும் அந்தத் தீவில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

சாமிக்குக் கிடைத்த மரியாதை வைத்தியருக்குக் கிடைக்கவில்லை. கி.மு. 219இல் வந்த அர்காகதஸ் என்ற கிரேக்கருக்குக் குடியுரிமை கொடுத்து, அரசுச் செலவில் கடையும் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் நோயாளிகளை வெட்டியதையும் சூடு வைத்ததையும் பார்த்து மிரண்டு, மரண தண்டனை நிறைவேற்றுபவனின் பெயரையே அவருக்குச் சூட்டிவிட்டார்கள். மூத்த கேட்டோ என்ற ரோமானிய அரசியல்வாதி தன் மகனுக்கு எழுதியபோது, டாக்டர் பக்கமே போகாதே என்று தடை போட்டார். அவருக்கு எல்லா நோய்க்கும் முட்டைக்கோஸ் போதும். நல்லவேளை, அவர் வீட்டில் நீ பிறக்கவில்லை!

வைத்தியம் கிரேக்கர் கையில்தான் இருந்தது. ரோமானியர் கெட்டிக்காரர்களாக இருந்தது ஏற்பாட்டில்: தண்ணீர், சாக்கடை, படை முகாம்களில் நடைபாதையின் இருபுறமும் வரிசையாக அறைகள் வைத்த ஆஸ்பத்திரிகள்.

முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் மருத்துவம் பற்றி எழுதியதை நீ அவசியம் படிக்கணும். அறுவை செய்பவர் இளையவராக இருக்கணும், கை நடுங்கக் கூடாது, இடக்கையும் வலக்கை போல ஓடணும், நோயாளி அலறினான் என்பதற்காக அவசரப்படவோ குறைத்து வெட்டவோ கூடாது என்கிறார். உன் இடக்கைப் பழக்கத்தை மாற்றப் பாடுபட்ட பாட்டியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். செல்சஸின் மருந்துகளில் மிளகு அடிக்கடி வரும். மிளகு அங்கே கப்பலேறிப் போனது நம் முசிறித் துறையிலிருந்து.

அடுத்து கேலன் என்ற கிரேக்க மருத்துவர். இன்றைய துருக்கியிலுள்ள பெர்கமோனில், அரங்கில் சண்டையிடும் கிளாடியேட்டர்களின் காயத்துக்குக் கட்டுப் போட்டுத் தொழில் பழகியவர். ரோமில் கூட்டத்தின் நடுவே, கதறும் பன்றியின் தொண்டை நரம்பைக் கட்டினார், சத்தம் நின்றது. குரலை ஆள்வது மூளைதான் என்று கண்முன்னே காட்டினார்.

ரோமானிய மருத்துவத்தின் வீழ்ச்சி என்றால் உடனே படையெடுப்பின் மேல் பழியைப் போடுவார்கள். நான் பாதிதான் ஒப்புவேன். 537இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமின் நீர்க்கால்வாய்களை அறுத்ததும், மேற்கே மருத்துவ நூல்களின் மொழியான கிரேக்கம் படிக்க ஆள் அருகிப்போனதும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, 4ஆம் நூற்றாண்டில், பேரரசர் ஜூலியனின் மருத்துவர் ஒரிபாசியஸ் பழைய நூல்களைத் தொகுப்பதையே பெரிய வேலையாகச் செய்துகொண்டிருந்தார். கேலன் அறுத்துப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் கேலனைப் படித்தார்கள். பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இஷாக் என்ற மருத்துவர் மொழிபெயர்த்ததால் அந்த நூல்கள் பிழைத்தன, தவறுகளும் சேர்ந்தே பிழைத்தன. குரங்கையும் பன்றியையும் அறுத்தவர் கேலன். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று எழுதிவிட்டார். ஒரு மண்டையோட்டைக் கையில் எடுத்தால் தெரிகிற விஷயம். 1543இல் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் அது ஒன்றுதான் என்று எழுதும்வரை ஐரோப்பாவில் அந்த வாக்கியம் செல்லுபடியானது.

நேரம் கிடைத்தால் நேப்பிள்ஸ் மியூசியத்துக்கும் போய் வா. எரிமலையில் புதைந்த பொம்பெயி நகரில் தோண்டியெடுத்த அறுவைக் கருவிகள் அங்கே இருக்கின்றன. உடல் துவாரத்தை விரித்துப் பார்க்கும், திருகாணி வைத்த ஸ்பெகுலம் ஒன்று இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்.

அன்புடன்,
அப்பா