ராஜபாளையம் நாய்: நிறத்துக்கு முன் காதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டு நாய்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ராஜபாளையம் நாயின் தூய வெள்ளை நிறத்தையும் ரோஸ் மூக்கையும் மூர்க்கத்தையும் அதன் பெருமைகளாகச் சொல்லியிருந்தது. அதைப் படித்துவிட்டுக் குட்டி வாங்கக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் காசு கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் கட்டுரையில் விடுபட்டிருக்கின்றன.

முதலில் மூர்க்கம். 65 முதல் 75 செ.மீ. உயரம் வரும் இந்த நாய் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போனது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேலை போய், தோட்டக் காவலும் வீட்டுக் காவலும்தான் மிச்சம். வேலை போனாலும் குணம் போகவில்லை. கோழி, பூனை, ஆட்டுக்குட்டி என்று எது ஓடினாலும் துரத்தும். அது கோபத்தால் வருவதல்ல; கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டைப் புத்தி. அதட்டி அடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆளுயரச் சுற்றுச்சுவர் இருந்தால்தான் அவிழ்த்துவிடலாம்.

காவல் குணம் இதற்கு நேர்மாறு. அந்நியரைப் பார்த்தால் பாய்வதைவிட, குறுக்கே நின்று குரைத்து வழியை மறிப்பதுதான் நல்ல ராஜபாளையத்தின் பழக்கம். வீட்டாரிடம் உயிராக இருக்கும். விருந்தாளி தடவினால் விலகிக்கொள்ளும். இந்த ஒதுக்கத்தைத்தான் பலர் மூர்க்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, குட்டியிலேயே கட்டிப்போட்டு வளர்த்தால் காவலுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை வேறு. சங்கிலியில் கிடக்கும் நாய் யாராவது வரும்போதெல்லாம் ஓடிப்போய், நுனியில் கழுத்து வெட்டி இழுபடும். வருகிறவர் யாராக இருந்தாலும் வலிதான் என்று அது கற்றுக்கொள்கிறது. அப்படி வளர்ந்த நாய் அவிழ்த்துக்கொண்ட அன்று பால்காரரையும் கடிக்கும், வீட்டுக்கு வந்த உறவினரின் குழந்தையையும் கடிக்கும். மூன்று, மூன்றரை மாதம் வரைக்கும்தான் குட்டியின் மனசு புது மனிதர்களை எளிதில் ஏற்கும். அந்த நாட்களில் குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், வயதானவர், குழந்தை என்று எல்லோரையும் காட்டிவிட வேண்டும். அதனால் காவல் குணம் குறைந்துவிடாது. இரண்டு வயதை ஒட்டி அது தானாக வரும்.

அடுத்தது, இந்த இனத்தின் உண்மையான பிரச்சினையான செவிட்டுத்தன்மை. உட்செவியில் ஒலியை உணரும் பகுதி உயிரோடு இருக்க நிறமி அணுக்கள் வேண்டும். மேனியை வெள்ளையாக்கும் அதே மரபுக்கூறு உட்செவியிலும் அந்த அணுக்களை இல்லாமல் செய்யும்போது, பிறந்த சில வாரங்களிலேயே அந்தப் பகுதி பட்டுப்போகிறது. பிறகு மருந்தோ அறுவையோ அதைத் திருப்பித் தராது. கண் நீலமாக இருக்கும் குட்டிகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ரோஸ் மூக்கும் பொட்டில்லாத வெள்ளையும் வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்க, அப்படிப்பட்ட கடுவனையும் பெட்டையையுமே வளர்ப்பவர் திரும்பத் திரும்பச் சேர்க்கிறார். கொட்டிலில் செவிட்டுக் குட்டிகள் பெருகுவதில் ஆச்சரியமில்லை.

செவிட்டு நாய் காவலுக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. ‘காரணமில்லாமல் கடித்தது’ என்று சொல்லப்படும் நாய்களுக்கு முதலில் காதைச் சோதிப்பது நல்லது.

குட்டி வாங்கும் இடத்திலேயே ஓரளவு சோதிக்க முடியும். ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஒரே ஈற்றுக் குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது சோதித்துப் பயனில்லை. செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். ஒன்றைத் தனியே எடுத்து, அது தூங்கும்வரை காத்திருங்கள். முதுகுப் பக்கம் நான்கைந்து அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பக்கத்தில் கை தட்டினால் காற்று மேலே படும்; காலைத் தரையில் தட்டினால் அதிர்வு போகும். இரண்டிலும் செவிட்டுக் குட்டியும் விழித்துவிடும். காது கேட்கும் குட்டிக்கு முதல் ஓசையிலேயே காதுமடல் அசையும். அடுத்து, குட்டிகள் விளையாடுவதைப் பாருங்கள். கூடப்பிறந்தது வீலென்று கத்தியும் கடியை விடாத குட்டிமேல் சந்தேகப்படலாம். அதற்குக் கத்தல் கேட்டிருக்காது.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தேறிவிடும். காவலுக்கும் அது போதும். ஆனால் இணை சேர்த்தால் குறையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக்கூடும். ஒலி கொடுத்து மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனையில்தான் அது பிடிபடும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. அதை மதித்தாலே காதைச் சோதிக்க அவகாசம் கிடைத்துவிடும். ஆனால் ஐந்து வாரத்தில் குட்டி கைமாறினால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

வெள்ளைத் தோலுக்கு வெயிலும் ஆகாது. மூக்கு நுனியும் காது ஓரமும் கருகிப் புண்ணாகும். ஆறாத புண் புற்றுநோயாகவும் மாறலாம். நடுப்பகலில் மொட்டைமாடியில் கட்டுவது கொடுமை. நெஞ்சு ஆழமான உடம்பு என்பதால் ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். தின்ற கையோடு ஓடவிடக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

2005இல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த நாய் இது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், இனப்பெருக்கத்துக்கு நிறுத்தும் நாய்களுக்காவது தென்மாவட்டங்களில் செவிப் பரிசோதனை முகாம் நடத்தலாம். இரு காதும் கேட்கும் என்று சான்று பெற்ற நாய்களை மட்டும் சேர்ப்பது என வளர்ப்பவர்களும் முடிவெடுக்க வேண்டும். பொட்டு விழுந்த குட்டியைக் கழித்துக்கட்டாமல், காது கேட்டால் அதையும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர்கள் ரோஸ் மூக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நிறுத்தினால் இதெல்லாம் சீக்கிரமே நடக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதுநகர் மாவட்டம்.