முதல் பருவ நிறைவும் ஆண்டு விழா நாடகமும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

தசரா விடுமுறையோடு முதல் பருவம் நல்லபடியாக முடிகிறது. பிள்ளைகள் தேர்வை நன்றாக எழுதியிருக்கிறார்கள். கோ-கோ அணிக்கும் அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றவர்களுக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்கள் விடுமுறை முடிந்ததும் தரப்படும்.

அப்புறம், ஆண்டு விழா நாடகம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த முறை பசவண்ணரின் வாழ்க்கையை நடிக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் நாம் பசவேஸ்வர நகர் என்று பஸ் பலகையில் தினமும் பார்க்கும் அதே பசவேஸ்வரர்தான். 12ஆம் நூற்றாண்டில் பாகேவாடியில் அந்தணர் வீட்டில் பிறந்து, பூணூல் வேண்டாம் என்று கூடலசங்கமம் என்ற சிவத்தலத்துக்குப் போனவர். பிறகு கல்யாண நகரத்தில் பிஜ்ஜள மன்னனின் கருவூலத்தைக் கவனித்தவர். அங்கே அனுபவ மண்டபம் என்ற சபையில் அல்லமப் பிரபு தலைமையில் துணி வெளுக்கும் மாச்சய்யாவும், படகோட்டி சௌடய்யாவும், அக்கமகாதேவியும் சமமாக உட்கார்ந்து பேசினார்கள்.

பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம். போன வாரம் சில பெற்றோர் வந்து, தங்கள் மகனுக்கு ஹரளய்யா வேடம் வேண்டாம், அமைச்சர் வேடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். செருப்புத் தைப்பவராக நடித்தால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. கேலி நடந்தால் நேராக என்னிடம் சொல்லுங்கள், அது என் பொறுப்பு. ஆனால் கூட நடிக்கும் பையன் 'எந்த ஆளுங்க' என்று எங்கள் ஆசிரியையிடம் ஒருவர் விசாரித்திருக்கிறார். இந்தக் கேள்விக்கு நம் பள்ளியில் இடம் கிடையாது. இந்தக் காரணத்துக்காக எந்த வேடமும் மாற்றப்படாது.

ஹரளய்யா யார் என்று தயவுசெய்து பிள்ளைகளிடமே கேளுங்கள். வணக்கம் சொன்ன தனக்குப் பசவண்ணர் இரண்டு முறை வணக்கம் சொன்னதும், அந்தக் கடனைத் தீர்க்கத் தன் தொடைத் தோலில் அவருக்குச் செருப்புத் தைத்தார் என்பது கதை. அவர் மகனுக்கும், அந்தணராயிருந்து சரணரான, அதாவது பசவண்ணரின் வழியில் வந்த சிவனடியாரான, மதுவரசரின் மகளுக்கும் கல்யாணம் நடந்தது. அதற்காக இரண்டு தகப்பன்மார்களுக்கும் அரசன் மரண தண்டனை கொடுத்தான். பசவண்ணர் நகரத்தை விட்டுக் கூடலசங்கமத்துக்கே திரும்பினார். நாடகத்தின் உயிரே இந்தக் காட்சிதான். அமைச்சர் வேடத்துக்கு இவ்வளவு வசனம்கூட இல்லை.

'இவனாரவ, இவனாரவ' என்று கேட்க வைக்காதே, 'இவ நம்மவ' என்று சொல்ல வை என்று பசவண்ணர் தன் தெய்வமான கூடலசங்கமதேவனிடம் வேண்டுகிறார். 'இவன் யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்காமல் 'இவன் நம்ம பிள்ளை' என்று சொல்ல வேண்டும் என்பதுதான். பிள்ளைகள் இந்த வசனத்தைக் கன்னடத்திலேயே மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மேடையில் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வேறு பேச்சைக் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனத்தில் இருந்ததை மறைக்காமல் என்னிடம் வந்து பேசியதற்கு நன்றி. பழைய சேலைகளை அனுப்பிய தாய்மார்களுக்கும் நன்றி. செருப்புத் தைக்கும் தொழில் செய்யும் ஒரு தந்தை, ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு, குத்தூசியும் தோல் துண்டுமாக ஒத்திகைக்கு வந்தார். அதை எப்படிப் பிடிப்பது என்று ஹரளய்யாவாக நடிக்கும் பையனுக்கு மண்டியிட்டுச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு என் தனி வணக்கம்.

விடுமுறைக்குப் பின் ஒத்திகை சனிக்கிழமைகளில் நடக்கும். மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வாருங்கள். முடிந்தால் கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்